பொருளடக்கத்தில் ஏறாத ஊர்

வீரபத்திர சாமி மீது ஆணையாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டு டீயும் கொடுத்ததற்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

அணை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவன் நான். மற்றவர்கள் தலைப்பென்றால் எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் ஒவ்வொரு தலைப்புக்கும் அதற்குரிய படியைக் கொடுப்பேன். அத்தியாயம் முதல் படி, பிரிவு இரண்டு, அதற்குள் வருவது மூன்று. மூன்றாம் படி வரைக்கும் கம்ப்யூட்டரே பொறுக்கிப் பொருளடக்கம் போட்டுவிடும். நான்காம் படி புத்தகத்துக்குள் கிடக்கும், பொருளடக்கத்தில் ஏறாது. என் பொருளடக்கத்தை மாட்டிய அன்று, ஒன்பது வருடமாக நின்றிருந்த சுவர்க்கடிகாரம் வெட்கப்பட்டு ஓடத் தொடங்கியது.

எங்கள் வெள்ளக் கையேடு இருநூறு பக்கம். யாரும் படித்ததில்லை. பொருளடக்கத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மதகு அறையில் மாட்டுவது வழக்கம். தண்ணீர் திறக்குமுன் மதகு காவலர் ஈரப்பா அதில் விரல் வைத்து, மூன்றாம் படியில் இருக்கும் கரையோர ஊர் ஒவ்வொன்றாக இறங்கி, எச்சரிக்கை போன் போடுவார்.

போன வருடம் கையேட்டைத் திருத்தினோம். இன்ஜினியர் குருலிங்கய்யா, "ஒரே பக்கத்துல அடக்குங்க ரீ. ரெண்டாம் பக்கம்னா சட்டத்துல நிக்காது" என்றார். எங்கள் வட கர்நாடகப் பக்கத்தில் 'ரீ' என்பது 'ஐயா' மாதிரி.

அதே வாரம் ஏதோ மனுவோடு வந்திருந்தார் முத்லகட்டி ஊர் வாத்தியார் மல்லண்ணா. கேன்டீனில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னார்: "அடுத்தவன் எழுதினதுக்குத் தலைப்பாகை கட்டுறதுதான் இவரு உத்தியோகம். நாளைக்கு இவரு வரலேன்னா இந்த ஆபீஸ்ல ஒரு வரி குறையுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

பக்கத்தில் இடம் பற்றவில்லை. பட்டியலில் முத்லகட்டி கடைசி ஊர், சின்ன ஊர். அதை ஒரு படி இறக்கி, ஹுணசிகட்டிக்குக் கீழே நான்காம் படியாக வைத்தேன். ஒரு விசையைத் தட்டுகிற வேலை. எதையும் அழிக்கவில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தில் போன் எண்ணோடு இன்றும் இருக்கிறது.

ஆகஸ்டில் மேலே மழை. நண்பகலில் மதகு திறக்க உத்தரவு வந்தது. நான் ஈரப்பாவின் அருகில்தான் நின்றிருந்தேன். விரல் இறங்கி இறங்கி ஹுணசிகட்டியில் நின்றது.

"அவ்ளோதானா ரீ?" என்று என்னைக் கேட்டார்.

"இந்தத் தாள்ல இருக்கறதுதான்" என்றேன்.

மல்லண்ணா அன்று தார்வாடுக்குப் போயிருந்தார். மனைவியும் இரண்டு பெண்களும் வீட்டில் இருந்தார்கள். பத்தாம் நாள் அவர் மதகு அறைக்கு வந்து சட்டத்தின் முன் நின்று, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "எங்க ஊரு எங்க ரீ?" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து எனக்கு விரலைக் கண்டால் பயம். ஹோட்டலில் யாராவது பலகாரப் பட்டியலில் விரல் வைத்து இறங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். சோறு பிசைய என் விரலையே நீட்ட முடியவில்லை, ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன். மதகு அறையிலிருந்து எடுத்துவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் தயவுசெய்து கவிழ்த்து வையுங்கள் ஐயா.

இடம் பற்றாததால் செய்தேன். வேறு காரணம் கிடையாது. வேண்டுமானால் அளந்து பாருங்கள்: ஹுணசிகட்டிக்குக் கீழே பதினோரு வரிக்கு இடம் காலியாக இருக்கிறது.