டச்சப் பண்ணாத மொகம்

உக்காருங்கண்ணே. எல்லாரும் மொதல்ல உக்காருங்க. அஞ்சு பேரும் ஒண்ணாப் பேசுனா நான் எந்த வாயப் பாத்து டைப் அடிக்க? யக்கா, நீங்க அந்தச் சேர ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டுக்கங்க. மாப்ள, அந்தக் கட்டு மேல உக்காராதீங்க, கல்யாணப் பத்திரிகை அது. பொண்ணு மாப்ள பேரு மேலயே உக்காந்திருக்கீங்க. ம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க என்னா, கீழ அம்மா இருக்கு. காணவில்லைன்னு காதுல விழுந்துச்சுன்னா, முட்டி வலியோட மாடிப்படி ஏறி வந்துரும்.

காளைண்ணே, நீங்க மட்டும் சொல்லுங்க. பேரு விருமாண்டி. உங்க கூடப்பொறந்த அண்ணன். வயசு நாப்பத்தி ரெண்டு. மேலூர் பக்கம் கல்குவாரில வேல. தலையில அடிபட்டதுலருந்து நெனப்பு தடுமாறும். போன வாரம் செவ்வாக்கெழம மாட்டுத்தாவணி பஸ்ஸ்டாண்டுல இந்த அக்கா தண்ணி புடிக்கப் போயிட்டு வாரதுக்குள்ள ஆளக் காணோம். இன்னியோட ஒம்பது நாளு. அக்கா அவரு சம்சாரம். பேரு? தங்கப்பொண்ணு. சரிக்கா. போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சுல்ல? நல்லது.

போட்டோ ரெண்டு இருக்கு. ஒண்ணு கல்யாணத்துல எடுத்தது, பட்டுவேட்டி, மாலையெல்லாம். ஆளு ஜம்முன்னு இருக்காரு. இன்னொண்ணு போன வருசம் குவாரில கார்டுக்கு எடுத்தது. கல்லு தெறிச்சு வலது கண்ணுல பூ விழுந்து, கன்னத்துல இம்புட்டு நீளம் வெட்டு. சரி, இதத்தான் ஸ்கேனர்ல வைக்கிறேன்.

என்னண்ணே? கண்ணச் சரி பண்ணணுமா? வெட்ட எடுத்துட்டு, கொஞ்சம் கலர் ஏத்தி... அட, இருங்கண்ணே. இது செகண்ட் ஹேண்டு ஸ்கேனரு, தேரு நிலைக்கு வார மாதிரிதான் வரும். அதுக்குள்ள நம்ம வேலையக் கொஞ்சம் பாருங்க. எம்பேரு கிரிதரன். கடையும் கெடையாது, போர்டும் கெடையாது. இந்த மாடி ரூமு, இந்த ஒரு கம்ப்யூட்டரு, அம்புட்டுத்தான். பிரஸ்காரங்க, கடைக்காரங்க எல்லாம் இங்க வந்து செஞ்சு வாங்கிட்டுப் போவாங்க.

இந்தா, இது போன மாசம் அடிச்ச ஃப்ளெக்ஸ். காதுகுத்து. பதினாறுக்கு எட்டு அடி. இதுல காதுகுத்துற பிள்ளை எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம். தெரியலல்ல? அந்தா, கீழ மூலையில, எலுமிச்சம்பழம் சைஸுக்கு. மத்ததெல்லாம் மாமன்மாருங்க. மூத்த தாய்மாமன் ஸ்கேல எடுத்து ஸ்கிரீன் மேலயே வச்சு அளக்குறாரு. ஏப்பா, எந்தலை மூணு இஞ்சு, எளையவன் தலை மூணே கால் இஞ்சு, இது என்னாப்பா நியாயம்ன்னு. கொரலு இப்பிடித்தான் இருக்கும், டிரம்முக்குள்ள இருந்து பேசுற மாதிரி. நான் சொன்னேன், அண்ணே, அவருக்கு முடியோட சேத்து அளந்திருக்கீங்கன்னு. மொறைச்சாரு. பேசாம அவருக்கும் முடி வச்சு விட்டுட்டேன். பாருங்க, வழுக்கைன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?

இது வெப்சைட்டு. சுங்குடிச் சேலக் கடைக்குப் பண்ணது. மயிலு ஆடணும், மணி அடிக்கணும், குத்துவெளக்கு எரியணும்னாரு மொதலாளி. எல்லாத்தையும் வச்சேன். பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயி காமிச்சா, மயிலு வாரதுக்குள்ள மனுசன் ரெண்டு காப்பி குடிச்சுட்டாரு. கடைசியா எல்லாம் வந்துச்சு. ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டுக் கேட்டாரு, எல்லாஞ் சரி தம்பி, இத எந்தச் செவுத்துல ஒட்டுவோம்? எனக்குச் சிரிப்புத் தாங்கல. அப்பறம் யோசிச்சா, அவரு கேட்டதும் சரிதான. போறவன் வாரவன் கண்ணுல படணும்ல.

இது கண்ணீர் அஞ்சலி. எழுவத்தெட்டு வயசு. அப்பாவ நல்லாக் காமிங்கன்னு மகன் சொல்லிட்டாப்ல. கோட்டுப் போட்டு விட்டேன். பல்லு வச்சேன். தலைக்கு மை அடிச்சேன். தெரு முக்குல ஒட்டியிருக்காய்ங்க. அந்தப் பெரியவரு சம்சாரம் பாத்துட்டுக் கேட்டுச்சாம், யாருப்பா இது, பாவம், இம்புட்டுச் சின்ன வயசுல போயிட்டானேன்னு.

நீங்கள்லாம் சிரிக்கிறீங்க. அக்கா சிரிக்கல.

கட்டுன சம்சாரத்துக்கே அடையாளம் தெரியலல்ல, அதத்தாண்ணே நானும் சொல்ல வாரது. மத்ததுக்கெல்லாம் என்ன வேணாலும் செஞ்சு தாரேன். மொட்டைக்கு முடி வைப்பேன், கறுப்ப வெளுப்பாக்குவேன், செத்தவருக்குக் கோட்டு மாட்டுவேன். காணவில்லைக்கு மட்டும் மொகத்துல கை வைக்க மாட்டேன்.

சொந்தக்காரங்க பாத்தா அசிங்கமா? ஒத்தக்கண்ணன்னு பேசுவாய்ங்களா? அண்ணே, சொந்தக்காரங்களுக்குத்தான் அவரத் தெரியுமே. தெரியாதவன் பாக்கத்தான அடிக்கிறோம். கல்யாண போட்டோவப் போடட்டுமா? அதுல இருக்கவரு பஸ்ஸ்டாண்டுல காணாமப் போகலயேண்ணே.

வேற எடம் பாத்துக்கிறீங்களா? சரி, போங்க. இங்கருந்து நாலாவது வீட்டுலயே ஒருத்தன் இருக்கான், ராசா மாதிரி ஆக்கிக் குடுப்பான். ஆனா ஒரு நிமிசம் உக்காருங்க, இன்னும் ஒரே ஒரு போஸ்டரு இருக்கு. அதையும் பாத்துட்டுப் போயிருங்க.

இது தொண்ணூத்தெட்டுல பண்ணது, ஆறு வருசமாச்சு. அப்ப நான் ஒரு பிரஸ்ஸுல தொழில் பழகிக்கிட்டிருந்தேன். காணவில்லை. பேரு கார்த்திகேஷ். வயசு இருவத்தி மூணு. மனநிலை சரியில்லாதவர். தமிழும் சௌராஷ்டிரமும் பேசுவார். ஆளு அழகா இருக்கான்ல? அதான, எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. நெசத்துல பய நல்ல கறுப்பு. இந்தப் புருவத்த ரெண்டாப் பொளந்து எறங்குற மாதிரி ஒரு தழும்பு வேற. இதுல தேடிப் பாருங்க, இருக்காது. ரெண்டு நாளு உக்காந்து எடுத்தேன். புதுசாக் கத்துக்கிட்டவன் கை சும்மா இருக்குமா?

பெரியார் பஸ்ஸ்டாண்டுலருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வரைக்கும் ஒட்டுனோம். ஒரு தகவலும் வரல. ஆறு மாசம் கழிச்சு கல்லுப்பட்டிக்கு ஒரு நோட்டீஸ் வேலையாப் போனேன். பஸ்ஸ்டாண்டு பக்கத்துல டீக்கடை. செவுத்துல இந்தப் போஸ்டரு, பாதி கிழிஞ்சு நிக்குது. டீக்கடைக்காரருட்ட சும்மா பேச்சுக் குடுத்தேன். அவரு சொல்றாரு, பாவந் தம்பி, சினிமாவுல நடிக்கிறவன் கணக்கா இருக்கான், எங்க போனானோ. இப்பிடித்தான் நம்ம கடைப் பக்கமும் ஒருத்தன் வந்து கெடந்தான். கறுவலா, புருவத்துல வெட்டு, என்னமோ பாசை பேசுவான். பன்னு குடுத்தாத் திம்பான். இந்தப் போஸ்டருக்கு நேர் கீழதான் நாலு நாளு படுத்திருந்தான். அப்பறம் எங்குட்டோ போயிட்டான்.

டீய அப்பிடியே வச்சுட்டு வந்துட்டேன்.

யாரா? எந்தம்பிண்ணே. எனக்கு அடுத்தவன். அந்தத் தழும்பும் நான் போட்டதுதான், சின்னப்பிள்ளைல வெளையாடும்போது பம்பரம் எகிறி அடிச்சிருச்சு. போட்டோவப் பாக்கும்போதெல்லாம் மொதல்ல அதுதான் எங் கண்ணுல படும். டச்சப் கத்துக்கிட்டதும் மொத வேலையா அத எடுத்தேன்.

திரும்ப அடிக்கலயான்னா... பண்ணி வச்சிருக்கேண்ணே. இந்தா, தழும்போட, கறுப்பா. வருசா வருசம் தொறந்து வயச மட்டும் மாத்தி சேவ் பண்ணி வைப்பேன். இப்ப இருவத்தொம்பது. பிரிண்டுக்குத்தான் அனுப்பல. அடிச்சு ஒட்டுனா அம்மா பாக்கும்ல. மொதப் போஸ்டருல இந்தத் தழும்பு எங்கடா போச்சுன்னு கேக்கும்ல.

சரி, எங்கதைய விடுங்க. ஸ்கேன் முடிஞ்சிருச்சு. உங்க அண்ணன் வந்துட்டாரு பாருங்க, கண்ணு, வெட்டு, எல்லாத்தோடயும். என்னண்ணே, இப்பிடியே விட்ரலாமா? சரி. கோவிச்சுக்காதீங்க. எம்புட்டு அடிக்கணும்? ஐநூறு. மேலூரு, மாட்டுத்தாவணி, பெரியாரு, அப்பிடியே தெக்காம திருமங்கலம், கல்லுப்பட்டி வரைக்குமா. சரி, பசையும் வாளியும் நீங்களே பாத்துக்கங்க.

என்னக்கா? பேரச் சொன்னதோட சரி, இப்பத்தான் உதடு அசையுது. ஃபேன் சத்தத்துல கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

பேசுனது போதும்ங்கிறீங்களா? ம்... ஐநூறு எடத்துல ஒட்டத்தான போறோம், எங்க ஆளுக்குக் கீழ எடம் சும்மாதான கெடக்கு, ஒந்தம்பியவும் அந்தத் தழும்போட அதுல போட்டு விடுப்பான்னா சொல்றீங்க?