இருபத்தொரு கைபேசிகள்

இருபத்தொரு பெண்களின் காலுறைகளைத் துவைத்து, ஜோடி மாறாமல் திருப்பிக் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மேலாளர் என்றால் கோட்டு மாட்டிக்கொண்டு கைகுலுக்குகிறவள் என்று வெளியில் நினைக்கிறார்கள். பதினேழு வயதுக்குட்பட்ட தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் மேலாளர் என்பவள் பாதி சலவைக்காரி, பாதி நர்ஸ், மிச்சம் இருந்தால் தாய். பிள்ளைகள் என்னை மேனேஜர் அக்கா என்பார்கள். நான் குறை சொன்னதில்லை. விசாரணைக் குழுவின் முன்னாலும் குறை சொல்ல வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

இந்த அணியின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு முறை சர்வதேசப் போட்டிக்குப் போனோம். பதினெட்டு ஆட்டம். பதினேழில் தோல்வி, ஒன்று டிரா. அந்த டிராவும் மழை கொடுத்தது. சேற்றில் பந்து உருளவே இல்லை. முதல் அணியில் நானும் இருந்தேன், தடுப்பு வரிசையில். மூன்று ஆட்டத்தில் இருபத்தேழு கோல் வாங்கினோம். வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்து என் இடுப்பு விட்டுப்போயிற்று என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வேன். அப்பா சிரிக்கமாட்டார். தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்பார்.

ஏழாவது முறைதான் கொக்கு வந்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நெட்டைக் கால், நீளக் கழுத்து. கோல் கம்பத்தின் அருகே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்ற காலால் தரையைக் கீறுவாள். அப்பா இல்லாத பெண். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அக்கா ரொட்டிக்கடையில் பில் போடுகிறாள். கையுறை கிழிந்தால் புதிது கேட்கமாட்டாள். அவளே ஊசி நூல் வாங்கித் தைத்துக்கொள்வாள்.

முதல் ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். எங்கள் வரலாற்றில் முதல் வெற்றி. கோச் ஓய்வறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். இரண்டாவதில் தோற்றோம். மூன்றாவதில் டிரா செய்தால் போதும், அரையிறுதி. மாற்றுக் கோல்கீப்பருக்குப் பயிற்சியில் விரல் முறிந்திருந்தது. கொக்கை விட்டால் கம்பத்துக்கு நடுவே நிற்க ஆள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

போட்டி முடியும்வரை கைபேசிகள் எல்லாம் என் பையில் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம் கொடுப்பேன். அவசரம் என்றால் வீட்டார் என் எண்ணுக்குக் கூப்பிடலாம். மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம், விடுதியின் சலவை அறையில் துணி எண்ணிக்கொண்டிருந்தபோது கொக்கின் அக்கா கூப்பிட்டாள்.

“மேனேஜர் அக்காங்களா? அம்மாவுக்கு மூச்சு திணறுது. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். டாக்டர் பிள்ளைங்களைக் கூப்பிட்டுக்கங்கன்னு சொல்லிட்டாரு. அவகிட்ட கொடுங்க.”

“பயிற்சியில இருக்காம்மா. நான் சொல்றேன். நீ தைரியமா இரு.”

சொல்லத்தான் நினைத்தேன். அன்று மாலை அவள் ஊருக்கு ஒரு விமானம் இருந்தது. பார்த்தேன். இடமும் இருந்தது. பிறகு மைதானத்துக்குப் போனேன். கொக்கு இடப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்துவிட்டு, எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். ஒரே ஒரு நாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அன்று கைபேசி கொடுக்கிற நாள். அவளுக்கு மட்டும் மறுத்தால் சந்தேகம் வரும். அதனால் இனி போட்டி முடியும்வரை யாருக்கும் கிடையாது, கவனம் சிதறுகிறது என்று அறிவித்தேன். இருபத்தொரு பேரும் முணுமுணுத்தார்கள். கோச் மட்டும் நல்ல முடிவு என்று பாராட்டினார்.

மறுநாள் ஆட்டத்தை நீங்கள் ஒளிப்பதிவில் பார்த்திருப்பீர்கள். எண்பதாவது நிமிடத்தில் பெனால்டியைத் தடுத்தாள். அதற்கு முன் ஒரு முறை எதிரணிக்காரியின் காலடியில் விழுந்து பந்தை அணைத்ததில் தலையில் பூட்ஸ் பட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு ஆடலாம் என்றார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அரையிறுதி.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது என் போன் அடித்தது.

“அம்மா போயிட்டாங்க,” என்றாள் அக்காக்காரி. அழவில்லை. அழுது முடித்திருந்தாள் போல. “அங்க என்ன சத்தம்?”

“பிள்ளைங்க பாடுறாங்க.”

“அவளுமா?”

திரும்பிப் பார்த்தேன். கொக்கு முன் இருக்கையின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றேன். அந்த வாரத்தில் அக்காக்காரியிடம் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் உடம்பை வச்சிருக்கலாம்னு சித்தப்பா சொல்றாரு. கிளம்பிட்டாளான்னு மட்டும் சொல்லுங்க.”

அரையிறுதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. போன உயிர் போய்விட்டது. இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கவேண்டியதுதானே என் வேலை. “காத்திருக்க வேண்டாம்னு சொல்றாம்மா. நீங்களே முடிச்சிடச் சொல்றா,” என்றேன்.

“அவளா சொன்னா?”

“அவளேதான்.”

அக்காக்காரி போனை வைத்துவிட்டாள்.

அரையிறுதியில் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். மறுநாள் காலை கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன் கொக்கைச் சலவை அறைக்குக் கூப்பிட்டு, “அம்மாவுக்கு முடியலையாம் கண்ணு, உடனே கிளம்பு,” என்றேன். டிக்கெட் என் சொந்தச் செலவில் எடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரசீது கோப்பில் இருக்கிறது.

அவள் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று எனக்கு நேரில் தெரியாது. காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவளுக்கு இங்கே என்ன வேலை என்று அக்கா கதவைச் சாத்திவிட்டாளாம். கொக்கு தெருவில் நின்றபடி என்னைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் அப்படியா சொன்னேன்?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. இந்த அணியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அவளுக்கு வயது பதினாறு. முன்னால் எவ்வளவோ இருக்கிறது, தாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது.

“சொன்னே கண்ணு. ஆட்டத்துக்கு முந்தின நாளே உன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஆடிட்டுப் போறேன்னே. அப்புறம் தலையில அடிபட்டுச்சே, அதுல மறந்திருக்கும். டாக்டருங்களே சொல்றாங்க, அப்படி ஆகும்னு.”

பிறகு, “அப்படித்தான் இருக்கும்க்கா,” என்றாள்.

அதன் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் அக்காக்காரி உங்களுக்குப் புகார் எழுதினாள். நீங்கள் கொக்கிடம் விளக்கம் கேட்டீர்கள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். மேனேஜர் அக்கா மேல் தப்பில்லை, எல்லாம் நான்தான் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் இருக்கும்போது நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. கடைசி மூன்று வரிதான் என் வாயைத் திறக்க வைத்தது. “ஆட்டத்தன்று காலையில் நான் அம்மாவிடம் போனில் பேசினேன் என்று அக்கா புகாரில் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அது மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும்.”

அது அவளுக்குக் கிடைக்காது. தினமும் உட்கார்ந்து யோசிக்கிறாளாம், பாவம். பேசியது அவள் இல்லை.

அன்று காலை ஒன்பதரைக்கு வந்த அழைப்பு அது. ஆறு நிமிடம் என்று உங்களிடம் உள்ள அழைப்புப் பட்டியலில் இருக்கிறது. அம்மா கண் விழித்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசட்டும் என்று அக்காக்காரி கெஞ்சினாள். இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சலவை அறைக் கதவைச் சாத்தினேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலில் குரல் பிடிபடாது. கொக்குக்குக் கொஞ்சம் கீச்சுக் குரல். அது எனக்கு நன்றாகவே வந்தது.

“அம்மா,” என்றேன்.

“என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?” வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார்.

“லேசா.”

“வெந்நி குடி. வந்துடுவியா?”

“ஆட்டம் முடிஞ்சதும் வந்துடுறேம்மா.”

அப்புறம் சின்ன வயதில் அவள் ஒரு மாம்பழத்தைப் பந்தாக உதைத்துச் சுவரையெல்லாம் நாசமாக்கியதைச் சொன்னார். அதற்கு அவளை அடித்துவிட்டாராம். அந்த அடி இன்னும் தன் கையிலேயே இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அக்காவோடு சண்டை போடாமல் இரு என்றார். சரி என்றேன். பிறகு மூச்சுதான் கேட்டது.

இதையெல்லாம் அப்படியே எழுதி அவளிடம் சேர்த்துவிடுங்கள். அது அவளுக்குச் சேரவேண்டியது. நான் செய்த மற்ற எதற்கும் நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆறு நிமிடத்தை மட்டும் குற்றம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த அம்மா ஏங்கிக்கொண்டு போகவில்லை. மகள்தான் பேசிவிட்டாளே.