மிலானில் மூன்று நாள், இரண்டு பேருக்கு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு புருஷன் இருந்தானாம். சிரிக்காதீங்கம்மா, யாருக்காகக் காத்திருக்கேன்னு நீங்கதானே கேட்டீங்க? ஊரு வோகெரா. ரயில்ல ஒரு தூக்கம் போட்டா மிலான் வந்துடும். புருஷன் பேரு எர்மான்னோ, குளிர்பெட்டி விக்கறாரு. ஐயையோ, மெதுவா! ஆலிவ் கொட்டை தொண்டையில மாட்டிக்கப் போகுது. தண்ணி குடிங்க.

நான் லொரெடானா. அந்தப் பச்சைப் பட்டுத் துண்டு உங்க கழுத்துக்கு எடுப்பா இருக்கு.

எங்க விட்டேன்? ஆங். கல்யாணமான நாள்லேருந்து அவரு என்னைக் கூட்டிட்டுப் போன தூரம் அவங்கம்மா வீடுதான். அப்பேர்ப்பட்ட மனுஷன், மிலான்ல மூணு நாளைக்கு ரூம் போட்டிருக்காரு! எனக்கெப்படித் தெரியும்னா, இந்த ஓட்டல்லேருந்து வீட்டுக்கு போன் வந்துச்சு. தங்கறவங்க ஒவ்வொருத்தர் அடையாள அட்டையும் போலீசுக்குச் சொல்லணுமே. ஐயாவோடது இருக்கு, கூட வர்ற உங்களோடது வேணும்னு ஒரு பொண்ணு கேக்குது. குளிர்பெட்டி வித்து வித்து, யாரு நம்பர் கேட்டாலும் வீட்டு நம்பரைச் சொல்லியே பழக்கம் அவருக்கு. எங்கிட்ட தூரின்ல கண்காட்சின்னு சொல்லியிருந்தாரு.

நான் என்ன பண்ணேனா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, என் அட்டை நம்பரை நிதானமா படிச்சுக் காட்டினேன். தெருவைப் பாத்த ரூமா குடும்மான்னேன். அப்புறம் முடி வெட்டிக்கிட்டேன், இந்தச் செருப்பு வாங்கினேன். கடிக்குதுதான். ஆனா இந்த ஊர்ல வோகெரா செருப்போட நடந்தா கடைக் கண்ணாடி கூட மூஞ்சியத் திருப்பிக்கும். திட்டமெல்லாம் பக்கா. இன்னிக்குக் குடிக்க இந்தக் கசப்புச் சிவப்பு மது, கொறிக்க இந்த ஆலிவ். நாளைக்குப் பெரிய மாதா கோயில் கூரைமேல ஏறணும். அப்புறம் கடைத்தெருத் தரையில கல்லுல பதிச்ச காளைப் படம் இருக்குல்ல, அதோட... அந்த இடத்துல குதிகாலை ஊனி சுத்தினா அதிர்ஷ்டமாம். இந்தக் குதிகாலப் பாருங்க, எவ்ளோ கூர்மை.

அவரு வந்தா என்ன கேப்பேனா? ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கணும். உள்ள வந்து, தப்புதான் லொரெடானான்னு ஒரு வார்த்தை சொல்லுவாரா? சொன்னா நல்லா நாலு திட்டு திட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அவ்ளோ லேசுதான் நான்.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்கம்மா, கடிச்சா தின்னுடப் போறேன்? உங்க கழுத்துல இருக்கற பட்டுத் துண்டை முதல்ல அவரு கோட்டுக்குள்ளதான் பாத்தேன். என் பிறந்தநாளுக்குன்னு நெனச்சு, ஆச்சரியப்படற மாதிரி கண்ணாடி முன்னாடி பழகிக்கூட வெச்சிருந்தேன். உங்ககிட்ட என்ன சொன்னாரு? பொண்டாட்டி செத்துட்டாளா! அடப்பாவி. எதுல செத்தேனாம்? நிமோனியாவா? சரி, அதுவாவது கௌரவமா வெச்சானே.

அதோ, கண்ணாடிக்கு வெளிய. டிராம் நிறுத்தத்துல, சாம்பல் கோட்டு. கையில பூ. பாத்துட்டாரு. உங்களைத்தான் முதல்ல பாத்தாரு. இப்ப என்னை. கையாட்டுங்க, நானும் ஆட்டறேன்.

வாங்க எர்மான்னோ. ஒரு வார்த்தைதான்.

பூவைக் குப்பைத் தொட்டியில போடறாரு. அது கூட நமக்கில்ல பாருங்க. அந்தக் காளைக்கு நாளைக்கு என்கூட வர்றீங்களாம்மா? திரும்பிட்டாரு. நல்லா வேகமாத்தான் நடக்கறாரு, வீட்ல முட்டி வலிங்கற மனுஷன். முக்குத் திரும்பறாரு...

போயிட்டாரு.