இடதுபக்கத்து டேப்பு

— அத்தான், அந்த ஓட்டைய இன்னைக்கே அடைக்கணுமா?

— பின்ன? சாயங்காலம் மாப்பிள்ளை புல்லட்டை எடுக்க வாராரு. பெட்ரோல் ஒழுகுத டேங்க்கோடயா ஆலங்குளத்துக்கு அனுப்பச் சொல்லுத?

— இத்தனை வருஷமும் துணி சோப்பைத் தேய்ச்சுத்தான ஓட்டுனிய.

— அது நான் ஓட்டுன வண்டி. இனிம என் மவ உக்காந்து போவப் போறா. உப்புத்தாளை எடுட்டி, ஓட்டையச் சுத்தித் துரு புடிச்சிருக்கு.

— இந்தாங்க... அடைச்சா மறுபடி தொறக்க முடியுமா?

— எதுக்குத் தொறக்கணும்? செம்பு வாஷரைப் போட்டு, போல்ட்டை முறுக்கி, மேல பேஸ்ட்டை அப்பிட்டா அதோட முடிஞ்சுது. ஜென்மத்துக்கும் தொறக்காது.

— ம்...

— என்ன ம்? காலையிலருந்து இந்த டேங்க்கையே சுத்திச் சுத்தி வார. பால்காரன் மணி அடிச்சு அடிச்சு அலுத்துப் போயிட்டான்.

— ஒண்ணுமில்ல. முந்தி அங்கன ஒரு பெட்ரோல் டேப்பு இருந்துச்சே, அதை நெனச்சேன்.

— அந்தச் சனியனையா? வலதுபக்கம் ரிசர்வுக்கு ஒண்ணு, இடதுபக்கம் ஓட்டுததுக்கு ஒண்ணுன்னு ரெண்டு டேப்பு. இடதுபக்கத்துது என் மானத்தையே வாங்குச்சு. டேங்க் நிறையப் பெட்ரோல் கெடக்கும்... வண்டி நின்னுரும். அதும் எங்க? ஐந்தருவி ரோட்டுல, அந்த மாமரத்துக்கிட்ட.

— புளியமரம்.

— மாமரம்ட்டி. எதுத்தாப்புல மங்குஸ்தான் கடை.

— மங்குஸ்தான் கடை சரி. மரம் புளியமரம். நான்லா அதுக்குக் கீழ பாலத்துச் சுவர்ல உக்காந்திருந்தேன். நீங்க ப்ளக்கைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருப்பிய. சாரல்ல நனையுதேன்னு உங்க துண்டைத் தந்திய.

— அதுல பாதி கிரீஸ்.

— மூஞ்செல்லாம் கரி! வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாவ, 'ஏட்டி உமா, அருவியில குளிச்சியா, அடுப்புல குளிச்சியா'ன்னு.

— அம்மா சிரிச்சிருவாவ. அப்பாவுக்குத்தான் கோவம். விளக்கு வைக்கதுக்குள்ள வீடு வந்து சேரணும். 'வண்டி நின்னுட்டுப்பா, வண்டி நின்னுட்டுப்பா'ன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுது.

— நீங்க சொன்னா மாமா நம்புவாவ. உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே. சொன்னா காது செவந்துரும்.

— நம்புனதாலதான அவுகளே வண்டிய யாக்கூப் ஒர்க்ஷாப்புக்கு உருட்டிக்கிட்டுப் போனாவ. யாக்கூப் கார்பரேட்டரைக் கழட்டுனான், ப்ளக்கை மாத்துனான்... ஒண்ணும் பிடிபடல. கடைசில அப்பாதான், 'ஏலே குமரகுரு, அந்த இடதுபக்கத்து டேப்பைப் பிடுங்கிட்டு ஒரு போல்ட்டை அடி'ன்னுட்டாவ. அதுல என்னதான் கோளாறோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

— காது ஏன் செவந்திருக்கு?

— வெயிலு.

— வெயிலா? விடிஞ்சதுலருந்து சாரல்லா அடிக்குது!

— ...நீ சும்மா இருக்க மாட்டியா? வேலைய முடிக்க விடு.

— டேப்பைப் பிடுங்குனதுக்கப்புறம் வண்டி நிக்கவே இல்லல்லா?

— ஒரு தடவகூட நிக்கல.

— ஆமா... விளக்கு வைக்க முன்னாலயே வந்துருவோம். நீங்க மச்சுக்குப் போயிருவிய. நான் அடுப்படிக்குப் போயிருவேன்.

— வீடு நிறைய ஆளு. என்ன செய்யச் சொல்லுத?

— கல்யாணம் ஆயி 'உமா'ன்னு என் பேரைச் சொல்லி நீங்க முதமுதல்ல கூப்பிட்டது அந்த மரத்தடியிலதான் அத்தான். வீட்டுல 'ஏ, தண்ணி'தான்.

— ...இப்ப எதுக்கு அதெல்லாம்? பேஸ்ட்டைத் தா. காயணும்.

— தர மாட்டேன்.

— ஏட்டி!

— நேத்து சத்யபிரியா போன்ல பேசுனா.

— என்னவாம்? அழுதாளா?

— அழல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. 'அம்மா, நானும் அவரும் ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வாட்சப்புலதான் பேசிக்கிடுதோம்'னா. கூடத்துல மாமனார், அடுப்படியில மாமியார், மச்சுல நாத்தனார் படிக்கா. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா வெளிய போனா, இருட்டுததுக்குள்ள 'எங்க இருக்கிய'ன்னு போன் வந்துருமாம். மாப்பிள்ளையும் உங்களை மாதிரித்தான். அவுக அப்பாகிட்ட ஒரு பொய் சொல்ல வராது.

— பாவம் பிள்ளை... சரி, அதுக்கும் இந்த ஓட்டைக்கும் என்னட்டி சம்பந்தம்?

— இந்தாங்க. பிரிச்சுப் பாருங்க.

— என்னது... மஞ்சத்துணியில முடிஞ்சு... ஏட்டி! இது அந்த டேப்புல்லா!

— மாமா பரண்ல தூக்கிப் போட்டாவ. நான் எடுத்துக் கூறைச்சேலைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

— கெட்டுப் போன டேப்பை எதுக்கு...

— கெடல. அது ஒரு நாளும் கெடல. திருகிப் பாருங்க. நல்லாத் திருகுதுல்லா?

— ம்.

— நான்தான் மூடுவேன் அத்தான். அருவியிலருந்து திரும்பி வரும்போது, அந்த வளைவுல. பின்னால இருந்து கைய விட்டுத் திருகிருவேன். கொஞ்ச தூரம் போயி வண்டி நின்னுரும். நீங்க ப்ளக்கோட மல்லுக்கட்டி முடிச்சதும் பைய தொறந்து விட்டுருவேன். உங்களைப் பொய் சொல்ல வைக்கக்கூடாதுல்லா... வண்டி நெசமாவே நின்னாத்தான உங்க காது செவக்காது. என்னால வேற என்ன செய்ய முடியும்? எனக்கு உங்ககூடக் கொஞ்ச நேரம் பேசணும்னு இருந்துச்சு. கோவமா? ஏதாவது சொல்லுங்க.

— அந்த ஸ்பேனரை எடு.

— அடைக்கவா?

— டேப்பை மாட்ட. புது வாஷர் போட்டா ஒழுகாது. ட்யூப்பு மட்டும் யாக்கூப்கிட்ட வாங்கணும்.

— நெசமாவா அத்தான்! சத்யாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். மாப்பிள்ளைகிட்ட மட்டும் நீங்க வாயத் தொறந்துராதிய. அவருக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு.

— நான் சொல்லல. ஆனா ஏட்டி... அந்த டேப்பு என் முழங்காலை ஒட்டிலா இருந்துச்சு? உன் வளையல் என் தொடையில உரசாம கை எப்படி அங்கன போவும்? வளைவு வந்தாலே நான் முழங்காலை அகட்டிக் குடுத்துருவேனே, உனக்குக் கை எட்டட்டும்னு.