அது சட்டி இல்லை

ஈர மண்ணில் உருளைக்கிழங்கு போடக்கூடாது என்பார்கள். நான் போடுகிறேன், நன்றாகத்தான் விளைகிறது. சொல்கிறவர்களை எல்லாம் நம்பியிருந்தால் நிலத்தை என்றைக்கோ விற்றுவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் எழுதுவதையும் கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் ஐயா. கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு எனக்குச் சகவாசம் இல்லை.

என் நிலம் பழைய போர்க்களம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டை. மண்வெட்டி போட்டால் கிழங்கும் வரும், இரும்பும் வரும். தோட்டா ஓடு, பித்தளைப் பொத்தான், இடுப்புவார்க் கொக்கி. கிழங்கைச் சந்தைக்கு அனுப்புவேன், மற்றதைக் கழுவிக் கொட்டகையில் வைப்பேன். ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு அதிகாரி இருக்கிறார். கிடைத்ததைக் கொண்டுபோனால் எந்தப் படை, எதற்கான பொருள் என்று பார்த்துச் சொல்வார். ஊரே கொண்டுபோகும். நான் போனதில்லை. அவர் சொல்வதை எப்படி நம்புவது, அவரும் சண்டையில் இல்லையே.

ஒரு மழைக்குப் பிறகு அந்தத் தலைக்கவசம் கிடைத்தது. தோல்வார் மட்டும் மக்கிப்போயிருந்தது, மற்றபடி முழுசு. துருவைத் தேய்த்து, டீக்கடைக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். தங்கச்சி வீட்டுக்காரன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பினான், விரலால் தட்டினான்.

"மச்சான், இது சட்டி. பட்டாளத்துச் சமையக்காரன் போட்டுட்டு ஓடியிருக்கான். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்க, கரண்டியும் கிடைக்கும்."

கடையே சிரித்தது. முடிவெட்டுகிறவர் குனிந்து மோந்து பார்த்தார். "அடிப்பிடிச்ச வாசனை இன்னும் போகலப்பா."

அன்றைக்கு எனக்குச் சட்டிக்காரர் என்று பேர் விழுந்தது. தபால்காரர்கூட வாசலில் நின்று, "சட்டிக்காரரே, தபால்," என்றுதான் கூப்பிட்டார். என் கூடப்பிறந்தவள், "விடுண்ணே, விளையாட்டுக்குத்தானே சொன்னாரு," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

அதிகாரியிடம் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டி, அவரும் சட்டி என்றுவிட்டால்?

கிழங்கு எடுக்கிற சமயத்தில் மாப்பிள்ளை கொட்டகைக்கு வந்தான். உதவிக்குத்தான் வந்தான், நான் கூப்பிடவில்லை. சாக்கை எடுக்கப் போனவன் அலமாரியைப் பார்த்து நின்றான்.

"என்ன மச்சான், பளபளன்னு தேச்சு வெச்சிருக்கீங்க! மூடி கிடைச்சுதா?"

நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். அவன் குனிந்தான். தலைக்கவசத்தை இரண்டு கையாலும் எடுத்து ஒரே போடு போட்டேன். சட்டியாக இருந்தால் நசுங்கியிருக்கும். இதில் முன்பக்கம் சின்னதாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் ஒத்துக்கொள்கிற நிலையில் அவன் இல்லை.

நிலத்தின் கீழ்க்கோடியில் எப்போதும் தண்ணீர் ஊறும். எதைப் போட்டாலும் சீக்கிரம் மக்கிவிடும். அங்கே வைத்தேன். அவன் துணியை அடுப்பில் போட்டேன். யாராவது பின்னால் தோண்டினால் என்ன செய்வது என்று யோசித்து, இடுப்பில் பித்தளைக் கொக்கி, நெஞ்சில் பொத்தான்கள், தலையில் அது என்று வைத்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

துறைமுகத்து வேலைக்குப் போகப்போகிறேன் என்று அவன் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பான். போய்விட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தங்கச்சி அழும்போது மட்டும், "வந்துருவான்மா," என்று சொல்வேன். அவன் சவரக்கத்தி துருப்பிடிக்காமல் இருக்க அவள் இன்றைக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறாள்.

வருஷங்கள் போயின. போன கோடையில் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் கீழ்க்கோடியைத் தோண்டினார்கள். அதிகாரி ஓடிவந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"எலும்பெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் பெரியவரே. பித்தளைதான் பேசும்," என்றார்.

அவர் வேலை செய்கிற முறை அப்படி. முதலில் உலோகத்தைப் பார்ப்பார், அதை வைத்து ஆளை முடிவு செய்வார். உலோகம் எல்லாம் அசல். அதனால் ஆளும் அசலாகிவிட்டான். பெயர் தெரியாத வீரன். பாண்டு வாத்தியம் வந்தது, கொடி போர்த்தினார்கள், துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். வாழ்க்கையில் ஒரு எலியைக்கூட விரட்டாதவனுக்கு.

தங்கச்சியும் பூ கொண்டுவந்து வைத்தாள். "பாவம்ணே. இவரும் யாரோ ஒருத்தி வீட்டுக்காரர்தானே. அவளும் என்னமாதிரி வாசலப் பாத்துக்கிட்டே இருந்திருப்பா."

"இருந்திருப்பாம்மா," என்றேன். அவள் கைக்குடையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதும் நான் பேசாமல்தான் இருந்தேன். இந்த வாரம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, நடுவில் என் பொருள். அதிகாரி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். போர்வீரனின் தலைக்கவசம். முன்பக்கப் பள்ளம், எதிரியின் குண்டுச் சிதறல் பட்டது. அரசாங்க முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறார்கள் ஐயா. தலைக்கவசம் என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிவெட்டுகிறவர் பக்கத்தில் நின்று நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்னா ஒரு பொருள்! பாத்தாலே தெரியுது பாருங்க."

"என்கிட்ட இருந்ததும் இதேதான்," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "உங்களுது சட்டிங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தங்கச்சியும். நான் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

மனசாட்சி குத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவனைக் கொன்றது நான். புதைத்தது நான். ஆனால் தலைக்கவசத்தைக் கண்டெடுத்ததும் நான்தான், பெட்டிமேல் அதைச் சேர்த்து எழுத வேண்டும். எதிரியின் குண்டு என்பதையும் அழித்துவிடச் சொல்லுங்கள், அது என் கையால் விழுந்த பள்ளம்.

தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போகும்போது தலைக்கவசத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொஞ்சம் அழுவாள். கையில் வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தால், என் பக்கத்து நியாயம் அவளுக்கும் புரிந்துவிடும்.