மீட்டருக்குத் தெரியாத வயர்

மகள்: காலைத் தூக்குங்கப்பா.

அப்பா: எதுக்கு?

மகள்: அந்தப் பலகையைத் திறக்கணும். பேட்டரி வயரெல்லாம் அதுக்குக் கீழதான் போகுது.

அப்பா: கீழ என்ன இருக்கு, தூசிதான். நீ மேல ஏறி சோலார் பேனலைப் பாரு. மூணு நாளா மேகம். அதான் விளக்கு அழுது வடியுது.

மகள்: மேல பாத்துட்டுத்தான் இறங்கினேன். பேனல் பளிச்சுன்னு இருக்கு. இந்த மேகத்துலயும் ஓரளவுக்குக் கரன்ட் வருது.

அப்பா: அப்போ பேட்டரிக்கு வயசாயிடுச்சு. என்னை மாதிரி.

மகள்: நான் போட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. உங்களுக்கு எழுபது. ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க.

அப்பா: வந்ததும் வராததுமா ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டியே... உக்காரு, டீ போடறேன்.

மகள்: நீங்க முதல்ல உக்காருங்க. எதுக்கு அந்தப் பலகை மேலயே குறுக்கும் நெடுக்குமா நடக்கறீங்க?

அப்பா: டாக்டர் நடக்கச் சொன்னாரு.

மகள்: ரெண்டடி இடத்துலயா?

அப்பா: படகுல வேற எங்க நடக்கறது, தண்ணியிலயா?

மகள்: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சுவத்துல மீட்டரைப் பாருங்க. என்ன காட்டுது?

அப்பா: எண்பது சதவீதம். நல்ல மார்க்தானே? நீ கணக்குல இவ்வளவு வாங்கினதே இல்ல.

மகள்: அப்பா... எண்பது இருந்தா விளக்கு ஏன் மங்குது? பேட்டரியையே நேரா டெஸ்ட் பண்ணிட்டேன். முப்பதுகூட இல்ல. மீட்டர் பொய் சொல்லுது. இல்ல, யாரோ அதைப் பொய் சொல்ல வெச்சிருக்காங்க.

அப்பா: போலீஸ்காரி மாதிரி பேசறியே.

மகள்: ஊருல ஆளுங்க தங்கற வேனு, மலை மேல இருக்கற மரவீடு, எல்லாத்துக்கும் போய் நான் சோலார் மாட்டறேன். எங்கப்பா மட்டும் இருட்டுல உக்காந்திருக்காரு. யாராவது கேட்டா சிரிப்பாங்க. ஒவ்வொண்ணா அணைங்க. ஃபேன்?

அப்பா: அணைச்சாச்சு.

மகள்: ஃபிரிட்ஜ்? செல் சார்ஜர்?

அப்பா: ஆச்சு, ஆச்சு... எத்தனை நாள் லீவு போட்டிருக்க?

மகள்: பாக்கலாம். ரேடியோவை ஏன் இப்போ போடறீங்க? அணைக்கத்தானே சொன்னேன்!

அப்பா: செய்தி நேரம்.

மகள்: மத்தியானம் ரெண்டே காலுக்கு என்ன செய்தி? அணைங்க... உங்க மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி. அதான் வரல.

அப்பா: நான் கேக்கலையே.

மகள்: கேப்பீங்கன்னு சொன்னேன்.

அப்பா: வழக்கமா உள்ள கால் வைக்கும்போதே, 'இந்தப் படகை வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க'ன்னு ஆரம்பிப்ப. ரெண்டு வருஷமா ஒரே பாட்டு. இன்னிக்கு என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?

மகள்: முதல்ல கரன்ட் வேலை முடியட்டும். எல்லாம் அணைச்சாச்சா? சுவத்து மீட்டர் சைபர் காட்டுது. ஆனா பேட்டரி வாயில வெச்ச என் மீட்டர்... இருங்க. அஞ்சு ஆம்ப் கரன்ட் போகுது.

அப்பா: உன் மீட்டரும் பழசாயிடுச்சு போல.

மகள்: இப்போ நின்னுடுச்சு.

அப்பா: பாத்தியா, சொன்னேன்ல.

மகள்: ஷ்ஷ்... திரும்பவும் அஞ்சு. என்ன சத்தம் அது? கொர்ர்ருன்னு...

அப்பா: என் வயிறு.

மகள்: வயிறு அஞ்சு ஆம்ப் இழுக்குமா? இருமாதீங்கப்பா! சத்தம் கேக்கல.

அப்பா: இருமல் வந்தா இருமாம...

மகள்: கொஞ்ச நேரம் ஓடுது, கொஞ்ச நேரம் நிக்குது, திரும்ப ஓடுது. இதோ... பேட்டரியோட வாயிலயே ஒரு சிவப்பு வயர். இது நான் போட்டது இல்ல. மீட்டர் வழியா போகாம நேரா பேட்டரியில கட்டியிருக்கு. யார் கட்டினது?

அப்பா: முப்பது வருஷம் லாஞ்சுல இன்ஜின் பாத்தவன் நான். ஒரு வயர் கட்டத் தெரியாதா?

மகள்: தெரியும். ஆனா ஏன் இங்க? எல்லா வயரையும் மீட்டருக்கு அந்தப் பக்கம் கட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

அப்பா: நீ இன்னொண்ணும் சொன்ன. மீட்டர் வழியா போகாதது மீட்டருக்குத் தெரியாதுன்னு.

மகள்: அப்போ... வேணும்னேதான் கட்டினீங்க. நான் வந்து மீட்டரைப் பாத்தாலும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு.

அப்பா: டீ ஆறிடும்.

மகள்: டீ இன்னும் போடவே இல்ல. நகருங்க.

அப்பா: வேண்டாம்மா... திறக்காதே...

மகள்: கடவுளே! அப்பா, தண்ணி! முட்டி வரைக்கும் தண்ணி! அடியில ஓட்டை!

அப்பா: ஓட்டை இல்ல. கசிவு. பம்பு இறைச்சுக்கிட்டே இருக்கு. ஒண்ணும் ஆகாது.

மகள்: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதானா? இதுக்கு மேலதான் தினமும் பாய் விரிச்சுத் தூங்கறீங்களா? இன்னும் ரெண்டு நாள் வெயில் வராட்டி பேட்டரி காலி. பம்பு நிக்கும். படகு உங்களையும் சேத்துக் கீழ இழுத்துட்டுப் போயிடும்!

அப்பா: வாளி வெச்சிருக்கேன்.

மகள்: தூக்கத்துல இறைப்பீங்களா? பம்பு ஓடியும் தண்ணி வத்தலையே. பாருங்க.

அப்பா: அழாதே. நீ அழுதா எனக்கும்...

மகள்: நாளைக்கே படகைக் கரையில ஏத்தறோம். அடிப்பலகையை மாத்தறோம்.

அப்பா: முடியாது.

மகள்: ஏன் முடியாது?

அப்பா: ஏத்தினா ரெண்டு மாசம் கரையில கிடக்கும். உள்ள ஆள் இருக்க விடமாட்டாங்க.

மகள்: இந்தப் பிடிவாதத்துக்கு உயிரை விடணுமா? எங்க வீட்டுக்கு வர அவ்வளவு கசக்குதா உங்களுக்கு?

அப்பா: சரி. வரேன். கூட்டிட்டுப் போ.

மகள்: இருங்க, முதல்ல இந்தப் பம்பு வயரைச் சரியா கட்டிடறேன்.

அப்பா: என்னம்மா? ரெண்டு வருஷமா கூப்பிட்ட. இப்போ வரேன்னதும் பேச்சை மாத்தற?

மகள்: அது... கொஞ்ச நாள் போகட்டும்பா. வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க.

அப்பா: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

மகள்: பெயின்ட் இல்ல... வீடும் இல்லப்பா. நான் வெளிய வந்துட்டேன். சண்டைகூட இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் பேசாமலே வருஷக்கணக்கா ஓட்டிட்டோம். ஒருநாள் சாவியை மேஜை மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

அப்பா: எங்க படுத்துக்கற?

மகள்: பட்டறையில. சோலார் மாட்ட வர்ற வேன் எதுலயாவது. 'ராத்திரி பூரா பேட்டரி எப்படித் தாங்குதுன்னு பாக்கறேன்'னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு வேன். தூக்கமே வரல. உங்களைக் கூட்டிட்டுப் போக நான் வரலப்பா. இங்க இருந்துக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, விளக்கு மங்குதுன்னதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன்.

அப்பா: உக்காரு. டீ போடறேன்.

மகள்: திட்டுங்க. இவ்வளவு நேரம் நான் கத்தினேன்ல, இப்போ உங்க முறை.

அப்பா: எதுக்குத் திட்டறது? பத்து நாளைக்கு முன்னாடியே மாப்பிள்ளை போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மறுநாள் காலையில படகைக் கரையேத்த ஆள் வர்றதா இருந்தது, வேண்டாம்னு சொல்லிட்டுப் பம்பு வாங்கிட்டு வந்தேன். நான் எங்க வேணா படுத்துப்பேம்மா... நீ பையைத் தூக்கிட்டு வந்து நிக்கும்போது அப்பா வீடு தண்ணியில இருக்கணுமா இல்லையா?