ரெட்டை முடிச்சு

கடற்கரை: சந்தைக்கு வந்தேன்னு கதை விடாதலே. கையில பையுமில்ல, கூடையுமில்ல. தென்காசியில கெடைக்காத எந்தச் சரக்கு சுரண்டையில கெடைக்கு ஒனக்கு?

துல்கர்னைன்: ஒங்களப் பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி.

கடற்கரை: அம்பத்தேழாம் வருசச் சாரலுக்குப் பொறவு, ஒம்பது வருசம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா? உக்காரு. அந்தச் சாக்குல வேண்டாம், தவிடு அரிக்கும்.

துல்கர்னைன்: ரைஸ்மில்லு வேல எப்பிடி இருக்கு?

கடற்கரை: நெல்லு மூடை கடிக்காதுலே. அது ஒண்ணு போதும்.

துல்கர்னைன்: தோள்பட்டையில அந்தத் தழும்பு…

கடற்கரை: இந்தா, பாரு. முப்பத்திரெண்டு பல்லையும் எண்ணலாம்.

துல்கர்னைன்: சாரல் விழுந்தாலே குத்தால நெனப்புதான். கோழி கூப்பிட எந்திரிச்சு, வைத்தியரு வீட்டுல இருந்த சித்தம் கலங்குன ஏழெட்டுப் பேருக்கு உச்சியில எண்ண வச்சு, ஒவ்வொருத்தரா அருவிக்குக் கூட்டிட்டுப் போயி… நாமளும் பாதி கலங்கித்தான் கெடந்தோம்.

கடற்கரை: நீ கலங்குனே. நா பாட்டுப் பாடித் தப்பிச்சேன்.

துல்கர்னைன்: அதக் கேட்டுத்தான் பாதிப்பேரு ஓடப் பாத்தாங்க.

கடற்கரை: ஏலே!… சரி, வந்த சோலியச் சொல்லு.

துல்கர்னைன்: மக்காவுக்குப் போறேன். பம்பாயில கப்பல் ஏறணும்.

கடற்கரை: நீயா! பொதையல் கெடச்சுட்டா?

துல்கர்னைன்: சேக் மைதீன் மொதலாளிக்குக் கண்ணு தெரியாதுல்லா. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும்னாரு…

கடற்கரை: அங்கயும் அதே வேலதானா! அப்பமும் முடிச்சுப் போடுறது நா, பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நீ. நல்லாப் போயிட்டு வா.

துல்கர்னைன்: போறதுக்கு முந்தி, கெடுதல் செஞ்சவங்ககிட்ட வாயால சொல்லிப் பொருத்தம் கேக்கணும் அண்ணாச்சி. அவங்க மன்னிக்கணும்.

கடற்கரை: எனக்கு என்னலே கெடுதல் செஞ்சே? பீடி திருடுனதா?

துல்கர்னைன்: அந்தக் கடையத்து வாத்தியாரு… காந்திமதிநாதன்.

கடற்கரை: நாம அருவிக்குக் கூட்டிட்டுப் போன ஆளுதான, அவருக்கென்ன?

துல்கர்னைன்: தெனமும் அவரு மணிக்கட்டுல நீங்க துண்டக் கட்டி, மறுமுனைய என் கையில தருவீக. ரெட்டை முடிச்சுதான் போடணும்னு வைத்தியரு கண்டிசன். அன்னைக்கு அருவிக்குள்ள வச்சு அவரு கையக் காட்டுனாரு. தோலு உரிஞ்சு, செவசெவன்னு… "ஒரே ஒருக்க ரெண்டு கையாலயும் தண்ணி ஏந்திக்கிடுதேன்"னாரு.

கடற்கரை: அதுக்கு நீ என்ன செஞ்சே?

துல்கர்னைன்: அவுத்துட்டேன். ஏந்துனாரு… சிரிச்சாரு… அந்தச் சிரிப்பு இருக்கே! மொகத்துத் தண்ணிய வழிச்சுட்டுப் பாக்கேன், ஆளக் காணும்.

கடற்கரை: ரெண்டு நா கழிச்சு, கடையத்துல அவரு அம்மா முன்னால இருந்து பழைய சோறு தின்னுக்கிட்டிருந்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலல்லா.

துல்கர்னைன்: ஒங்களுக்கு ஆச்சே! வைத்தியரு கேக்கயில, வேல போயிரும்னு பயந்து, "முடிச்சு சரியில்ல"ன்னு பொய் சொன்னேன். அப்பவே ஒங்க துணிமூட்டைய வெளிய வீசுனாரு. நீங்க ஒரு வார்த்த பேசல.

கடற்கரை: பேசல.

துல்கர்னைன்: ஏசுங்க அண்ணாச்சி. ரெண்டு அடிகூட அடிங்க…

கடற்கரை: இரு. அவுத்தேங்கியே… அவுக்க எம்புட்டு நேரம் ஆச்சு?

துல்கர்னைன்: நேரமா? தொட்டேன், கையோட வந்துட்டு.

கடற்கரை: நா போட்ட ரெட்டை முடிச்சு, நனஞ்ச துண்டுல, தொட்டதும் வருமாலே?

துல்கர்னைன்: என்ன சொல்லுதீக அண்ணாச்சி?

கடற்கரை: நீ சொன்னது பொய்யின்னு நீதாம்லே நெனச்சுக்கிட்டு அலையுதே. அந்த ரணத்த விடியக்காலம் நானும் பாத்தேம்லா… கட்ட மனசு வரல, சும்மா சுத்தித்தான் விட்டேன். அவுக்கதுக்கு அங்கன முடிச்சே இல்லலே.